கதவில் எழுதிய நம்பர்

நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அப்பா இன்றும் கைநாட்டு. நான் ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதே அவருக்குப் பெரிய சேதி.

ஒரு நாள் முதலாளியின் வாட்ஸாப்புக்குப் போக்குவரத்து அபராத ரசீது ஒன்று வந்தது. பல மாநிலங்களில் வண்டி ஓடுகிற ஆபீசுக்கு அபராதம் வருவது நியூஸ் பேப்பர் வருவது மாதிரி. வந்ததும் திறந்துவிடுவார்கள். அவரும் திறந்தார். அது ரசீது இல்லை, போனையே பிடித்துக்கொள்ளும் திருட்டு ஆப். கொஞ்ச நேரத்தில் அவர் பெயரிலேயே அது டிரைவர்கள், லோடு கொடுக்கிற பார்ட்டிகள் எல்லாருக்கும் பறந்தது.

சிம்மைக் கழற்றி, பேங்குக்குச் சொல்லி, பணம் போகாமல் தப்பித்துவிட்டோம். ஆனால் எந்த வண்டியில் என்ன லோடு, எந்தக் குடோனில் இறங்குகிறது என்பதெல்லாம் அந்தப் போனில் இருந்தது. அதை எடுத்தவன் முதலாளி மாதிரியே பேசி, ஒரு லோடையே வேறு இடத்தில் இறக்கிவிட முடியும். குரலைக்கூட இப்போது மெஷினில் செய்துவிடுகிறார்கள். நான் இதைச் சொன்னதும் முதலாளி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டிரைவருங்களுக்கெல்லாம் சொல்லிக் குடு சாமி" என்றார்.

ஆயுத பூஜைக்கு வண்டிகள் ஊர் திரும்பிய சமயம், ஷெட்டில் டிரைவர்களை உட்கார வைத்தேன். கல்லூரியில் கேட்ட மாதிரியே பாஸ்வேர்டு, லிங்க் என்று ஆரம்பித்தேன். ஒருவர் டயர்மேல் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார்.

திருச்செங்கோட்டுப் பக்கத்து டிரைவர் அண்ணன் ஒருவர், வாய்த் துடுக்குக்குப் பேர் போனவர், கையைத் தூக்கினார். "ஏந்தம்பி, நாங்க டீசல் திருடறவனப் பாத்திருக்கறோம், தார்ப்பாய் அறுக்கறவனப் பாத்திருக்கறோம். நீ சொல்ற திருடன் எப்படி இருப்பான்? மீசை வெச்சிருப்பானா?"

ஷெட்டே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து வண்டியில் பெயிண்டர் ஒருவர் ஏணி போட்டு, கதவில் அழிந்துபோன ஆபீஸ் நம்பரை மஞ்சள் பெயிண்டில் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். ஆபீஸ் மேசையில் இருக்கும் லேண்ட்லைன் நம்பர் அது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவனுக்குச் சட்டென்று தோன்றியது.

"அண்ணா, போன்ல இருக்கற நம்பர எவன் வேணா மாத்திருவான். பெயிண்டுல எழுதுனத மாத்த முடியுமா? எறக்கற எடம் மாறுச்சுன்னு யாரு சொன்னாலும் போன வெச்சுருங்க. கீழ எறங்கி, கதவுல இருக்கற நம்பரப் பாத்துக் கூப்புடுங்க. லோடு அனுப்புன பார்ட்டியக் கேட்டுட்டு நாங்க சொல்றோம். அது வரைக்கும் வண்டி நகரக் கூடாது."

அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். "மொதலாளியே கூப்புட்டாலுமா?"

"மொதலாளியே கூப்புட்டாலும்."

"எதுத்துப் பேசுனான்னு ஒருத்தங்கிட்டச் சாவிய வாங்கிட்டு ஊட்டுக்கு அனுப்பிட்டாரு, தெரியுமல்ல? எம்பட புள்ளைங்க ரெண்டும் படிச்சுட்டிருக்குதுங்க. சாவி போச்சுன்னா நீ பொறுப்பா?"

"நான் பொறுப்புங்கண்ணா."

"உன்ற வேலையே இன்னும் நிக்கல. நீ எனக்குப் பொறுப்பாக்கும்!"

மறுபடியும் சிரிப்பு. ஆனால் கலைந்து போகும்போது ஒவ்வொருவரும் தன் வண்டிக் கதவை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

தை மாதம் ஒரு முகூர்த்த நாள். முதலாளி திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அதே டிரைவர் அண்ணன் சேலத்து ஜவ்வரிசி லோடோடு நாக்பூரை நெருங்கியிருந்தார். காலையில் லேண்ட்லைன் அடித்தது.

"தம்பி, கதவு நம்பருக்குத்தான் கூப்புடறேன். எறக்கற குடோன் மாறிருச்சுன்னு மொதலாளி சொல்றாரு. புது நம்பரு. கொரலு அவரதுதான். ஆனாலும் வெச்சுட்டேன். மறுக்காவும் கூப்புட்டாரு, எடுக்கல. சீக்கரம் கேட்டுச் சொல்லு, சாவி போயிரப் போகுது."

முதலாளியின் போனுக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். அப்போதே என் செல்போனில் தெரியாத நம்பர் ஒன்று வந்தது. எடுத்தால் முதலாளி குரல். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"என்ற போன்ல சார்ஜ் இல்லப்பா. மச்சான் போன்ல பேசறேன். குடோன் மாறிருச்சு, அந்த டிரைவருக்குச் சொல்லு."

அவர்தான் என்று எனக்கு நூற்றுக்கு நூறு தெரியும். ஆனால் குரலை நம்பி நானே சரி என்று சொல்லிவிட்டால், என் பேச்சை நம்பி அங்கே வண்டியை நிறுத்தியிருப்பவருக்கு நான் என்ன மரியாதை செய்தவன் ஆவேன்?

"ஐயா, பார்ட்டியக் கேட்டுட்டுச் சொல்லிடறனுங்க."

"நான்தான்டா பேசறேன்!"

"ஆமாங்கய்யா. கேட்டுட்டுச் சொல்லிடறனுங்க" என்று வைத்துவிட்டேன்.

ஜவ்வரிசி மில்லின் பில்லில் அச்சடித்திருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். குடோன் மாறியது உண்மைதான், அவர்கள்தான் முதலாளிக்குச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணனுக்குச் சொன்னேன். "அப்ப நெசமாவே மொதலாளி போனத்தான் வெச்சனா?" என்றார். நான் பதில் சொல்லுமுன்பே, "செரி, வண்டிய எடுக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

மத்தியானம் முதலாளி வந்தார். நெற்றியில் சந்தனம், கையில் தாம்பூலப் பை. நான் எழுந்து நின்றேன்.

"பந்தியில அத்தன பேரு பாக்க எம்பட டிரைவர் எம்பட போன வெச்சான். அப்பறம் நீ வெச்ச. 'உம்பட ஆளுங்களே உன்ன நம்பறதில்லயா மாப்ள'ன்னு மச்சான் சிரிக்கறான்."

"நான் சொல்லித்தானுங்கய்யா அந்தண்ணன் செஞ்சாரு. சாவி வாங்கறதுன்னா என்ற வேலைய எடுத்துக்குங்க. அவரு மேல தப்பில்லீங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு லேண்ட்லைனை எடுத்து அந்த டிரைவருக்கே போட்டார்.

"சோறு தின்னயா சாமி? ... ஆமா, நாந்தான், கதவு நம்பர்ல இருந்துதான் பேசறேன், பாத்துக்க. ... செஞ்சது சரிதான். இனியும் அப்படியே செய்யி. ஆனா மறுக்காக் கூப்புட்டா எடுத்து, 'பொறுங்க மொதலாளி'ன்னு ஒரு வார்த்த சொல்லிப் போட்டு வையி. மனுசன் பந்தியில ஒக்காந்திருக்கறேன்."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அதையும் சேத்துச் சொல்லிக் குடு" என்றார். பிறகு தாம்பூலப் பையிலிருந்த தேங்காயை மட்டும் எடுத்துக்கொண்டு, பையை என் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அதில் லட்டு இருந்தது.

வண்டி திரும்பியதும் ஷெட்டுக்கு ஓடினேன். அண்ணன் வண்டிக்கடியில் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"ரொம்ப நன்றிங்கண்ணா" என்றேன் அந்தக் காலைப் பார்த்து.

"எதுக்கு?"

"சாவி போயிருமோன்னு பயந்துட்டேதானே செஞ்சீங்க?"

"பயமில்லாமயா? போயிருந்தா உன்ற ஊட்டுக்கு வந்து சோத்துக்கு ஒக்காந்திருப்பேன். ஊட்டுல சொல்லி வெச்சயா?"

சொல்லி வைக்கவில்லை. அன்று சாயங்காலம் போனில் அம்மாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். பாஸ்வேர்டு, ஆப் எதுவும் அவளுக்குப் புரியவில்லை. கடைசியில், "அந்தத் தம்பிய ஒரு நாளைக்குச் சாப்பிடக் கூட்டியா" என்றாள். அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு போனேன்.