எட்டாயிரம் அடி

என் மாமா தினமும் எட்டாயிரம் அடி நடந்தார். அதில் ஏழாயிரத்துக்கும் மேல் நான் நடந்தவை.

அப்போது எனக்குப் பதினோரு வயது. அம்மாவின் தம்பியான மாமா, ஆவடியில் எங்களோடு தங்கி, பாடியில் ஒரு தொழிற்சாலைக்குக் காலை ஷிப்டு போய்வந்தார். முப்பத்தெட்டு வயதிலேயே அவருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. தாத்தாவைச் சர்க்கரைக்குப் பறிகொடுத்த அம்மா, தம்பியையும் விட்டுவிடுவதாக இல்லை. அடிகளை எண்ணும் வாட்ச் ஒன்றை வாங்கி அவர் கையில் கட்டிவிட்டுச் சட்டம் போட்டாள். சாயங்காலம் ஏரிக்கரை நடைபாதையில் எட்டாயிரம் அடி நடந்தால் ராத்திரிக்கு இரண்டு கரண்டி சோறு. ஒன்று குறைந்தாலும் சப்பாத்தி. நூம்பலில் எங்கள் குடும்பம் நெல் பயிரிட்ட காலத்தில் வளர்ந்தவர் மாமா. சப்பாத்தியை அவர் சாப்பாட்டிலேயே சேர்ப்பதில்லை.

அவருக்குத் துணையாக என்னை அனுப்பினாள். துணை என்றால் காவல் என்று அர்த்தம். முதல் வாரம் மாமா ஒழுங்காக நடந்தார். இரண்டாம் வாரம், முதல் திருப்பத்தில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வாட்சைக் கழற்றி என் கையில் கட்டினார்.

“கண்ணு, மாமனுக்கு காலு பஞ்சு மேல வெச்சாப்ல கீது. நீ போய் சுத்திகினு வா. ஊட்ல மூச்சு வுடாத, இன்னா?”

சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு அழகான சாக்கா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கூலி ஒரு சுட்ட சோளம். காவல்காரியை விலைக்கு வாங்க அது தாராளம்.

உண்மையைச் சொன்னால், சோளம் இல்லாவிட்டாலும் போயிருப்பேன். அந்தப் பாதை எனக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. நாணலுக்குள்ளிருந்து தாழைக்கோழி நீளக் காலை எடுத்துவைத்து நடந்துவரும். முக்குளிப்பான் தண்ணீருக்குள் போனால், எங்கே தலை தூக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். மழை பெய்த மறுநாள் பாதையெங்கும் நத்தைகள் இருக்கும், மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போவேன். வாட்ச் அதிர்ந்து எட்டாயிரம் என்று காட்டினால் வருத்தமாகக்கூட இருக்கும். வீட்டில் அம்மா போனில் எண்ணிக்கையைப் பார்ப்பாள், முகம் மலரும். மாமாவின் தட்டில் சோறு விழும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் நான் சுற்றி முடித்து வந்தபோது மாமா கால்மேல் கால் போட்டுக்கொண்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். அவருடைய ரப்பர் செருப்பின் அடியில் ஒரு கருவேல முள் முறிந்து நின்றது. செருப்பைக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. முள் செருப்போடு சேர்த்து உள்ளங்காலையும் தைத்திருந்தது. பலமாக இழுத்தேன். ரத்தம் வந்தது. மாமா கடலை மெல்வதை நிறுத்தவில்லை.

“வலிக்கலியா மாமா?”

அவரும் குனிந்து பார்த்து ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரித்தார். “உன் மாமன்னா யாருன்னு நெனச்ச? அக்காவாண்ட சொல்லிடாத, கத்தும்.”

சொல்லவில்லை. மறுநாள் வகுப்பில்தான் சொன்னேன். முள் குத்தினாலும் எங்கள் மாமாவுக்கு வலிக்காது என்று பெஞ்சு பெஞ்சாகப் போய்ச் சொன்னேன்.

அந்தக் காயத்தை அவர் சாக்ஸுக்குள் மறைத்துவைத்தார். நாற்றம் வந்து அம்மா கண்டுபிடித்தபோது பாதம் கறுத்துவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், தினமும் நடக்கிறாரா என்று கேட்டார். அம்மா அழுகையினூடே போனை நீட்டினாள்.

“ஒரு நாளு தவறல டாக்டர். எட்டாயிரத்துக்குக் கொறையவே கொறையாது. நானே பாக்கறேன்.”

டாக்டர் போனையும் காலையும் மாறிமாறிப் பார்த்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் அம்மாவின் பின்னால் நின்றிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இன்றும் நான் அந்தப் பாதையில் நடக்கிறேன். தாழைக்கோழிகள் இருக்கின்றன. பெஞ்சைத் தாண்டும்போது மட்டும் வேகமாக நடப்பேன். மாமா எங்களோடுதான் இருக்கிறார். இப்போது அம்மாவுக்கும் சர்க்கரை. நடக்கச் சொல்லி டாக்டர் தலைபாடாக அடித்துக்கொள்கிறார். நான் தினமும் சாயங்காலம் ஷூ மாட்டிக்கொண்டு, “வாம்மா, ஒரே ஒரு சுத்து” என்று கெஞ்சுகிறேன்.

“போடி. என் தம்பி எட்டாயிரம் அடி நடந்தான். இன்னா ஆச்சு? கால்தான் போச்சு” என்கிறாள் அம்மா.

மாமா டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். நான் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கிளம்புகிறேன். அந்த எண்ணிக்கையை அம்மா அப்படியே நம்பியது பதினோரு வயதில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவள் அதை விடாமல் நம்பிக்கொண்டே இருப்பாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.