சின்னத்துரைக்கு ஐஸ்

என் பிரிட்ஜின் ஐஸ் தட்டில் ஒரு பழைய பிளாஸ்டிக் யோகட் கோப்பை இருக்கிறது. விளிம்பெல்லாம் நாய்ப் பல் பட்டுப் பிய்ந்துபோன கோப்பை. இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். மாமா வீட்டிலிருந்து நான் கேட்டு வாங்கி வந்த ஒரே பொருள் இதுதான் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மாமா என் அம்மாவின் அண்ணன். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை ஃபெக்டரியில் வேலை. மாரியம்மன் திருவிழாவில் வருஷா வருஷம் கரகம் எடுப்பது அவர்தான்; அவருக்கு முன்னால் அவருடைய அப்பா எடுத்தார். மற்ற நாட்களில் அவர் இருக்கிற இடமே தெரியாது. தலையில் கரகம் ஏறிவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். அந்த ஒரு நாளுக்காகத்தான் மாமா மீதி வருஷத்தைக் கழிக்கிறார் என்று அம்மா சொல்வாள்.

அவருடைய நாய் துரை பங்களாவிலிருந்து வந்தது. மாற்றலாகிப் போன தோட்டத் துரை ஒருவர், உடம்பெல்லாம் சடை தொங்கிய அந்த நாயை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பங்களாவில் அதற்கு என்ன பெயரோ, எங்கள் தொழிலாளர் லயத்துக்கு வந்ததும் 'சின்னத்துரை' ஆகிவிட்டது. துரைக்கு அடுத்த அதிகாரியான நிஜமான சின்னத்துரை வேலையை மேற்பார்க்க வரும்போது மட்டும் எல்லோரும் அதை மெதுவான குரலில் கூப்பிடுவார்கள்.

மலைநாட்டில் ஏது வெயில் என்று கொழும்பில் இருப்பவர்கள் கேட்பார்கள். பங்குனி மாதத்தில் லயத்துத் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பகல் படுத்துப் பார்த்தால் தெரியும். காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியாது, மத்தியானம் தகரம் கொதிக்கும். பங்களா நாய்க்கு இது ஒத்துக்கொள்ளவில்லை. வாசலுக்கு முன்னால் ஓடும் தண்ணீர்க் கானில் ஈரம் தேடி, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடக்கும். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் மாமா எலும்புச் சாற்றில் ஐஸ் செய்ய ஆரம்பித்தார். முதல் தடவை அத்தை பழக்கதோஷத்தில் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு எலும்பு ரசமாகவே வைத்துவிட்டார். சின்னத்துரை ஒரு நக்கு நக்கிவிட்டுத் தும்மிக்கொண்டே தண்ணீர் தேடி ஓடியது. அதற்குப் பிறகு மாமா யாரையும் அடுப்புப் பக்கம் விடவில்லை. உப்பு இல்லை, வெங்காயம் இல்லை. எலும்பை அவித்து எடுத்து வீசிவிட்டு, ஆறிய சாற்றின் மேல் படிந்த கொழுப்பைக் கரண்டியால் வழித்து, துருவிய கரட்டைப் போட்டு, யோகட் கோப்பைகளில் ஊற்றி உறைய வைப்பார். நன்றாக உறைந்ததும் கோப்பையை இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சூடு காட்டி, நாயின் முன்னால் குந்திக்கொண்டு பிடிப்பார். அது நக்கி முடிக்கும்வரை கை மரத்துப் போனாலும் எடுக்க மாட்டார்.

ஒரு வருஷம் திருவிழாவுக்குச் சற்று முன்னால் சின்னத்துரைக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. ஹட்டனில் மிருக வைத்தியர் மாத்திரை கொடுத்து, குளிர்ச்சியாக எதையாவது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்குங்கள், இல்லாவிட்டால் தாங்காது என்றார். கஞ்சியை அது மோந்துகூடப் பார்க்கவில்லை. தயிர் ஐஸ், பூசணி ஐஸ் என்று மாமா எதையெதையோ செய்து பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டது. எலும்புச் சாறு ஐஸை மட்டும் படுத்தபடியே நக்கியது. ஆனால் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை தோட்டத்தில் கவுச்சி கூடாது. கரகம் எடுக்கிறவர் வீட்டில் கேட்கவே வேண்டாம், கழுவி மெழுகி, அடுப்புச் சட்டிவரை மாற்றிவிடுவார்கள்.

பக்கத்துக் காம்பரா வீட்டில் மாதா கோயில் உபதேசியார் இருந்தார். அவர்களுக்கும் அது கவுச்சி ஒதுக்குகிற தவக்காலம். சாப்பிடத்தானே கூடாது, அவித்துத் தருவதற்கு என்ன என்று அவர் சட்டியை வாங்கிக்கொண்டார். ஆனால் அந்த லயத்தில் பிரிட்ஜ் இருந்தது மாமா வீட்டில் மட்டும்தான், அதுவும் சாமி படத்துக்குக் கீழே. இதை உள்ளே வைத்துக்கொண்டு கரகத்தைத் தலையில் வைத்தால், மழை பெய்யாவிட்டால்கூட நம்மைத்தான் சொல்வார்கள் என்று அத்தை பயந்தார். துணியில் சுற்றி உள்ளே தள்ளி வைத்துவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்றாள் என் அம்மா. மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒளிச்சு வைக்கலாந்தான். ஆத்தாகிட்டயும் ஒளிக்கிறதாம்மா?"

நான் அப்போது ஹட்டனில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். காப்புக் கட்டுக்கு லீவு போட்டு வந்திருந்தேன். கோயிலில் பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்து மாமாவின் பக்கம் திரும்பினார். மாமா கையை நீட்டவில்லை. கும்பிட்டபடி நின்றார்.

"இந்த வருசம் என்னைய விட்ருங்க சாமி. வீட்ல வாயில்லா சீவன் ஒண்ணு கெடக்குது. அதுக்கு நான் எலும்புச் சாறு கையால தொடணும்."

கோயில் தலைவர், ஒரு நாய்க்காகவா என்று மட்டும் கேட்டார். மாமா கும்பிட்ட கையோடு ஒதுங்கி நின்றார். கடைசியில் மாமாவின் தம்பி கையை நீட்டினார்.

கரகம் லயத்துக்கு வந்த அன்று வாசலுக்கு வாசல் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கால் கழுவினார்கள். மாமா வாசலில் நிற்கவில்லை. வீட்டில் கவுச்சி இருக்கிறதே என்று, சின்னத்துரையைச் சாக்கோடு தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் தேயிலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். நானும் பின்னாலேயே போனேன். மேளம் நெருங்கியதும் அவருடைய பாதம் தானாகத் தட்ட ஆரம்பித்தது. தம்பி ஆடிக்கொண்டே எங்களைக் கடந்து போனார். "நல்லாத்தான் எடுத்துட்டுப் போறான்" என்று சொல்லி மாமா தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமாவின் கையிலிருந்த கோப்பையில் ஐஸ் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. நாய் எழுந்து உட்கார்ந்து கோப்பையின் விளிம்பைக் கடித்தது.

சின்னத்துரை பிழைத்து, பிறகும் சில திருவிழாக்களைப் பார்த்தது. கரகம் தம்பியிடமே நின்றுவிட்டது. கை மாறியதைத் திரும்பக் கேட்பது முறையில்லை என்று மாமா கேட்கவுமில்லை. அவர் தலையில் கரகம் பிறகு ஏறவே இல்லை.

இப்போது மாமா இல்லை. ஹட்டனில் என் வீட்டுப் படியில் இரண்டு தெரு நாய்கள் மத்தியானம் வந்து படுக்கும். வெயில் ஏறியதும் நானும் எலும்புச் சாற்றை உறைய வைக்கிறேன். எனக்கு அது பிரிட்ஜைத் திறந்து மூடுகிற வேலை, அவ்வளவுதான். யாரும் என்னிடம் எதையும் பதிலுக்குக் கேட்பதில்லை. அந்தக் கோப்பையைக் கைக்குள் வைத்துச் சூடு காட்டும்போதெல்லாம் மாமாவின் தலைதான் கண்ணில் நிற்கிறது. வருஷா வருஷம் கரகம் ஏறிய தலை, மேளம் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்க, ஒன்றும் இல்லாமல் ஒரு நாயின் பக்கம் குனிந்திருந்தது.