ஊசித்துளை சைட்

எங்கள் வீட்டுக்குத் துப்பாக்கி வரலாமா என்று என் மனைவியிடம் கேட்பதற்காக உரிம அதிகாரி ஒருவர் வந்திருந்தார். நியூசிலாந்தில் துப்பாக்கி உரிமத்துக்கு மனுப் போட்டால், மனுப் போட்டவனோடு விசாரணை முடிந்துவிடாது. கூட வாழ்கிறவரையும் தனியாக உட்கார வைத்துக் கேட்பார்கள். அவர் பயமில்லாமல் மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பதற்காக நம்மை வெளியே அனுப்பிவிடுவார்கள். என்னையும் அனுப்பினார். மவுண்ட் ஆல்பர்ட் வீட்டுக்குப் பின்னால், எலுமிச்சை மரத்தடியில் களை பிடுங்குகிறவன்போல் உட்கார்ந்து சமையலறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஃபோல்டரில் எதையோ எழுதுவதும் இவள் தலையாட்டுவதும் தெரிந்தது. கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கேக்கும் தேநீரும் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தவர், என்னிடம் கைகுலுக்கிச் சிரித்தார். உங்கள் மனைவி வார்த்தைக்கு வார்த்தை என்னை ‘சேர்’ என்கிறார், இந்த ஊரில் யாரும் என்னை அப்படி மரியாதையாகக் கூப்பிட்டதில்லை என்றார். நானும் சிரித்தேன்.

“என்ன கேட்டாரு?” என்று உள்ளே போய்க் கேட்டேன்.

“நீங்கள் கோவக்காரரோ எண்டு கேட்டவர்.”

“நீ என்ன சொன்ன?”

“இல்லை எண்டனான்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூக்குக்கு மேல் கோபம் எனக்கு. ஸ்பேனர் கை நழுவினால் ஸ்பேனரைத் திட்டுகிற ஆள். “பொய் சொல்லிட்டியே கண்ணு” என்றேன். அவளும் சிரித்தாள். ஒரு கேள்விக்குப் பொய் சொன்னவள் மற்றக் கேள்விகளுக்கு என்ன சொல்லியிருப்பாள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

நான் கோயம்புத்தூர்க்காரன். பதினெட்டு வயதில் லேத் பட்டறையில் நின்றவன், இன்றைக்கு மனுரேவாவில் ஒரு தொழிற்சாலையில் அதே லேத்தின் முன்னால் நிற்கிறேன். அவள் மன்னாரிலிருந்து அகதியாக வந்தவள், தேவாலயத்துக்குப் போகிறவள். ஆக்லாந்தில்தான் சந்தித்தோம். இருபத்திரண்டு வருஷமாகிறது. நான் ‘பேசுறேன்’ என்பேன், அவள் ‘கதைக்கிறன்’ என்பாள். இரண்டும் தமிழ்தானே, ஒரே மொழியில் குடும்பம் நடத்துகிறவர்களுக்குள் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

துப்பாக்கி ஆசை கூட வேலை பார்க்கும் வெள்ளைக்காரரால் வந்தது. ஒரு சனிக்கிழமை தன்னுடைய சுடும் கழகத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவர் வைத்திருந்தது நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய மாதிரியில் இப்போது இத்தாலியில் செய்த நகல். ஒரு தடவைக்கு ஒரே ஒரு தோட்டா. கீழே இருக்கும் நெம்புகோலை இழுத்தால், குழலின் வாயை அடைத்து நிற்கும் எஃகுக் கட்டை அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கும். அந்தக் கட்டையும் அது ஓடும் காடியும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்த நேர்த்தியில் நான் விழுந்துவிட்டேன். சுடுவது எனக்கு இரண்டாம்பட்சம்தான். ஆயுதம் என்றே அது என் கண்ணில் படவில்லை. அது என் அதிர்ஷ்டம், என் ஊரில் யாரும் என் நெஞ்சுக்கு நேரே அதை நீட்டியதில்லை.

உரிமம் கிடைத்தது. நகல் ஒன்றை வாங்கினேன். சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டியில்தான் பூட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். பின்னறையில், துணி அலமாரிக்குப் பக்கத்து மூலைதான் அதற்கு வாகாக இருந்தது. அங்கே அவளுடைய தையல் மெஷின் இருந்தது. தெரிந்த பெண்களுக்கு அவள் ரவிக்கை தைத்துக் கொடுப்பாள்.

“இத லாண்ட்ரி ரூமுக்கு மாத்திக்கலாமா?”

“ஓம், பிரச்சினை இல்லை.”

தூக்கிக்கொண்டு போய் துணி துவைக்கும் அறையில் வைத்தேன்.

பிறகுதான் தெரிந்தது, எனக்குக் கண் போய்விட்டது. ஐம்பத்தாறு வயதில், குறிபார்க்க உதவும் சைட்டுகளில் கண்ணருகே இருக்கும் பின் சைட்டின் வெட்டும், குழல் நுனியில் இருக்கும் முன் சைட்டும், தூரத்து இலக்கும் ஒன்றாகத் தெரிவதில்லை. ஒன்று துலங்கினால் மற்ற இரண்டும் கலங்குகின்றன. அந்த வெள்ளைக்கார நண்பர் துளை சைட் போடச் சொன்னார். கண்ணுக்கு அருகே எழும்பி நிற்கும் ஒரு தண்டு, அதன் தலையில் சின்னத் தட்டு, தட்டின் நடுவில் ஊசித்துளை. மூக்குக்கண்ணாடி கையில் இல்லாதபோது விரலை மடக்கி ஓட்டை பண்ணி அதன் வழியே மருந்துப் பாட்டிலின் எழுத்தைப் படிப்போமே, அதே சங்கதிதான். சின்னத் துளை வழியே பார்த்தால் கிட்டத்தில் இருப்பதும் எட்டத்தில் இருப்பதும் சேர்ந்து துலங்கும்.

கடையில் கிடைக்கும், வாங்கலாம். லேத்காரன் வாங்குவானா? மேலாளரிடம் கேட்டு, வேலை முடிந்த பிறகு நானே கடைந்தேன். தண்டை ஏற்றி இறக்க ஒரு திருகு. அந்தத் திருகின் மரைகளை வெட்ட மட்டுமே மூன்று தடவை முயன்றேன். முன் சைட்டுக்கு மெல்லிய எஃகுத் தகடு. அதை வேண்டுமென்றே உயரமாக விட்டு, சுட்டுப் பார்த்துச் சுட்டுப் பார்த்து அரத்தால் ராவிக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கூடுதலாக ராவிவிட்டால் போனது போனதுதான், திரும்ப ஒட்ட முடியாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து அவளிடம் காட்டுவேன். “வடிவாயிருக்கு” என்பாள். என் மகிழ்ச்சிக்கு அது போதுமானதாக இருந்தது.

சைட்டுகளைப் பூட்டி முடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, உடுத்திய சேலையோடு சமைத்துக்கொண்டிருந்தாள். மகள் வெலிங்டனில் படிக்கிறாள், வீட்டில் நாங்கள் இருவர்தான். சுடப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அந்த அடைப்புக் கட்டையைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய்தான். குழாய் வழியே தூரத்தில் ஒரு புள்ளியை நடுவில் பிடித்து, அசைக்காமல், அதே புள்ளி சைட்டிலும் நடுவில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எங்களுடையது பழைய மர வீடு. சமையலறையிலிருந்து வாசல் கதவு வரை நேர்கோடாக நீண்ட நடை. சமையலறை மேசையில் துப்பாக்கியைப் பிடிகருவியில் இறுக்கினேன். வெள்ளை அட்டையில் கறுப்புப் புள்ளி வைத்து வாசல் கதவில் ஒட்டினேன். கதவில் கண்ணாடி. பின்னாலிருந்து வெளிச்சம் அடித்ததால் அட்டை முழுக்க இருட்டாகத் தெரிந்தது.

அப்போது நான் செய்ததை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெறும் துப்பாக்கியைக்கூட மனிதர் பக்கம் திருப்பாதே என்பதுதான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். பரீட்சையில் அதைச் சரியாகவும் எழுதியிருந்தேன். ஆனால் கட்டையைக் கழற்றியாகிவிட்டது, குழலுக்குள் பார்த்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறது, இது துப்பாக்கியே இல்லை, இதிலென்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

“கண்ணு, இந்த அட்டைய பிடிச்சுக்கிட்டு கதவுக்கு ரெண்டடி முன்னால, லைட்டுக்குக் கீழ வந்து நில்லேன். ஒரு நிமிசம்.”

கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தாள்.

“இன்னும் மேல தூக்கு. இன்னும். தலைக்கு மேல.”

தூக்கினாள். நான் குனிந்து குழல் வழியே பார்த்தேன். புள்ளி ஓரிடத்தில் நிற்காமல் ஆடியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை நாள் உழைப்பு, ஒரு நிமிஷம் சும்மா நிற்க முடியாதா?

“ஆடாம நில்லு! கைய இறக்காத!”

“ஓம். பிரச்சினை இல்லை.”

சைட்டின் ஊசித்துளையில் கண்ணை வைத்தேன். புள்ளி கொஞ்சம் கீழே இருந்தது. திருகைத் தொட்டுத் தண்டை ஏற்றினேன். சுற்றுகள் கூடிப்போய், துளைக்குள் அட்டைக்குப் பதில் அவள் முகம் வந்தது. கண் கலங்கத் தொடங்கிய இந்தச் சில வருஷங்களில் அத்தனை தூரத்திலிருந்து அவள் முகத்தை அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை. கண்களை இறுக மூடியிருந்தாள். உதடுகள் வேகவேகமாக அசைந்துகொண்டிருந்தன. ஜெபம். நெற்றியில் வியர்வை. தூக்கிய இரண்டு கைகளும் கிடுகிடுவென்று நடுங்கின.

துளையிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுப்பில் ஏதோ கருகும் வாசனை வந்தது. அப்போதும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. மெல்லக் கேட்டாள்.

“கையை இறக்கலாமோ?”

ஓடிப்போய் அவள் கைகளை நானே இறக்கிவிட்டேன். சில்லிட்டிருந்தன.

அவள்தான் தேநீர் போட்டாள். நான் மேசைமேல் இருந்த துப்பாக்கியைத் துணியால் மூடினேன். அதைத் தொடவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், சண்டையில் காணாமல் போனவன் என்பது வரைதான் எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு தடவை கேட்டேன், “அது பழைய கதை” என்றாள், விட்டுவிட்டேன். விட்டது என் பெருந்தன்மை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

“எனக்குப் பதினாறு வயசு. அவனுக்குப் பதின்மூண்டு. ஆமிக்காரர் பஸ்ஸை மறிச்சு எல்லாரையும் இறக்கி, கையைத் தூக்கச் சொன்னவங்கள். எனக்கு நேர துவக்கு. அவனை மட்டும் ஒரு பக்கமா நிப்பாட்டினாங்கள். ஒருத்தன் ஃபைலும் பேனையுமா வந்து, விசாரிச்சிட்டு விடுவம், உனக்கு ஏதும் பிரச்சினையோ எண்டு இங்கிலீசில கேட்டான். பள்ளிக்கூடத்து இங்கிலீசில சொன்னனான், நோ ப்ராப்ளம் சேர் எண்டு.”

தேநீரை ஆற்றினாள்.

“பேந்து பஸ்ஸில ஏறச் சொன்னாங்கள். ஏறீட்டன்.”

“அன்னைக்கு வந்தாரே, அவர்கிட்டயாச்சும் வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே” என்றேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு மடத்தனம் என்று புரிந்தது.

“அவர் நல்ல மனுசன். எனக்குத் தெரியும். ஃபோல்டரைத் திறந்து பேனையை எடுத்த உடன, வாயில அதுதான் வருது.”

“வித்துடறேன்.”

“வேண்டாம். எவ்வளவு பாடுபட்டுச் செய்தனீங்கள். எனக்குப் பிரச்சினை இல்லை.”

“அந்த வார்த்தைய இன்னொருக்கா சொல்லாத! எனக்கு உண்மையச் சொல்லு.” மறுபடியும் கத்தியிருந்தேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாக இல்லை, களைப்பாக இருந்தாள்.

“உண்மையைச் சொன்னா எத்தினையை விப்பீங்கள்?”

அதற்கு அப்புறம் எனக்குத் தூக்கம் சரியில்லை. ரயிலில் மனுரேவாவுக்குப் போகும்போதும் வரும்போதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கோயிலில் வைத்துத் தாலி கட்டலாமா என்று கேட்டேன், பிரச்சினை இல்லை என்றாள். ஒரு பிள்ளை போதும் என்றேன், பிரச்சினை இல்லை என்றாள். கிளென்ஃபீல்டில் அவள் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், இங்கேயே வீடு வாங்குவோம் என்றேன். அதற்கும் அதேதான். விட்டுக்கொடுத்துப் போகிற குணம் என்று நண்பர்களிடம் மெச்சியிருக்கிறேன். அவற்றில் எது சம்மதம், எது கையைத் தூக்கிக்கொண்டு நின்றது என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. கேட்டாலும் தெரியாது, கேட்பதே விசாரணையாகிவிடும். என்னைக் கல்யாணம் பண்ணிக்கொண்டது எந்தக் கணக்கு என்று கேட்க வாய் வரை வந்து, பயத்தில் விழுங்கிவிட்டேன்.

துப்பாக்கியை அந்த வெள்ளைக்கார நண்பரே வாங்கிக்கொண்டார். என் சைட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இவ்வளவு சுத்தமான மரை வெட்டை அவர் பார்த்ததில்லை என்றார். எனக்கு அதில் சந்தோஷமே வரவில்லை. இரும்புப் பெட்டியையும் அவரே காரில் ஏற்றிக்கொண்டு போனார். பின்னறை மூலையில் நான்கு போல்ட் துளைகள் மட்டும் மிஞ்சின. மக்கு வைத்து அடைத்தேன்.

பிறகு துணி துவைக்கும் அறைக்குப் போய்த் தையல் மெஷினைத் தூக்கி வந்தேன். பழைய காலத்து இரும்பு மெஷின், நல்ல கனம். அவள் பின்னறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“பழைய எடத்துலயே வெச்சிரட்டுமா?”

“ஓம், பிரச்சினை இல்லை.”

முன்பென்றால் வைத்திருப்பேன். இந்தத் தடவை வைக்கவில்லை. வேறு ஒன்றும் கேட்கவும் இல்லை. மெஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூலையைப் பார்த்தபடி சும்மா நின்றேன். கை வலித்தது. தோள் வலித்தது. அவள் என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

“அதில வெளிச்சம் காணாது” என்றாள் கடைசியில், மிகவும் மெல்ல. “யன்னலுக்குக் கீழ வையுங்கோ.”

அந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் நாள், அந்த மூலையில் மெஷினை வைத்தவன் நான்தான். பதினேழு வருஷம் அவள் அங்கே குனிந்து உட்கார்ந்து, பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு, ஊசியில் நூல் கோத்திருக்கிறாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. மெஷினை ஜன்னலடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.