மீலாது மேடையில் ஒரு நாற்காலி

எங்கள் ஊர் மீலாது நபி விழா மேடையில் ஒரு நாற்காலி என் நண்பனுக்கு உரியது. சரியாகச் சொன்னால், போன வருடம் வரை உரியதாக இருந்தது. அதைப் பிடுங்கியவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியம் இருப்பதாகவும் தெரியவில்லை.

நான் விலங்கியல் ஆசிரியன். அவன் இயற்பியல். நாகர்கோவிலுக்குத் தெற்கே ஒரே மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறோம். அவன் இராஜாக்கமங்கலத்துக்கு அந்தப் பக்கம் கடற்கரைக்காரன், தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். நான் ஜமாஅத்தில் சந்தா கட்டுகிற, வெள்ளிக்கிழமை முன்வரிசைக்கு முண்டுகிற முஸ்லிம். மதிய இடைவேளையில் ஆய்வகத்தின் கடைசி மேசையில் இரண்டு பேரும் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்போம். அவன் சாளை மீன் குழம்புக்கும் என் முட்டைப் பொரியலுக்கும் நடுவே ஆதம் நபி பல தடவை வந்து மாட்டிக்கொண்டிருக்கிறார். அவனுக்கும் அவர்தான் முதல் மனிதர், எனக்கும் அவர்தான். இரண்டு பேரும் மணி அடித்ததும் எழுந்து போய் வகுப்பில் பரிணாமமும் பெருவெடிப்பும் நடத்தவேண்டியவர்கள். அதில் உள்ள சிக்கல் எங்களுக்குத் தெரியும். தெரிந்தே சிரித்துக்கொண்டு சாப்பிடுகிறவர்கள் நாங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மீலாது விழா மேடையில் சர்ச்சிலிருந்து ஒருவர், அம்மன் கோயில் கமிட்டியிலிருந்து ஒருவர் கட்டாயம் உட்காருவார்கள். பொன்னாடை போர்த்துவோம், ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேசவிடுவோம், பிறகு நேர்ச்சைச் சோறு. அவர்கள் திருவிழாக்களில் எங்கள் ஆட்களுக்கும் இதே மரியாதை. அந்த மேடைகளில் பெரும்பாலும் பேசப்படுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது என்று ஆரம்பித்து, மைக்கைத் தட்டிப் பார்த்து, அன்பைத்தான் சொல்கிறது என்று முடிப்பார்கள்.

என் நண்பன் அப்படியல்ல. சர்ச் சார்பில் வருடாவருடம் அவன்தான் வருவான், வரும்போது வீட்டுப்பாடம் செய்துகொண்டு வருவான். ஒரு வருடம் எங்கள் வேதத்தில், ஈஸா நபி என்று நாங்கள் சொல்கிற இயேசுவின் தாய் மர்யம் பெயரில் தனி அத்தியாயமே இருப்பதைப் பற்றிப் பேசினான். திரைக்கு அந்தப்பக்கம் பெண்கள் பகுதியில் குழந்தை அழுகிற சத்தம்கூட இல்லை. இன்னொரு வருடம் யூனுஸ் நபியை மீன் விழுங்கிய சம்பவம். வலை இழுத்து வளர்ந்த குடும்பத்துப் பிள்ளை மீன் வயிற்றைப் பற்றிச் சொன்னால் எப்படி இருக்கும்! ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, கடைசியில் அந்த நபி இருட்டில் செய்த பிரார்த்தனைக்கு வந்தபோது ஊரே கண்ணைத் துடைத்தது.

போன வருடத் தலைப்பு படைப்பும் அறிவியலும். தலைப்பைக் கேட்டதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நட்சத்திர வெளிச்சம் நம்மை வந்து சேர எத்தனை காலம் எடுக்கிறது என்பதிலிருந்து தொடங்கி, வானத்தைப் பார்த்து யோசிக்கச் சொல்கிற இரண்டு வேதங்களுக்கும் வந்து சேருவதாகத் திட்டம். ஒரு வாரமாக என் காதைத் தின்றான்.

சிறப்புப் பேச்சாளர் வெளியூர். கணினி, புரொஜெக்டர், திரை எல்லாம் கொண்டுவந்திருந்தார். அடுத்த ஊரிலும் அவருக்குக் கூட்டம் இருந்ததால், விருந்தினர் பேசுவதற்கு முன்பே அவரைப் பேசவிட்டார்கள். முதலில் கருவைப் பற்றிய பாடம். மனிதக் கரு என்று ஒரு படத்தைப் போட்டார், பக்கத்தில், கருவைக் குறிக்க வேதத்தில் வருகிற சொல்லுக்கு அட்டை என்றும் பொருள் என்று சொல்லி, அட்டைப்பூச்சியின் படம். இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதா இல்லையா என்று கேட்டார். கூட்டம் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கியது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர் காட்டியது கோழிக் கரு. வருடாவருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அதே ஸ்லைடைப் போட்டுக் காட்டுகிறவன் நான். கோழியைக் காட்டி அல்லாஹ்வின் வல்லமையை நிரூபிக்க வேண்டிய நிலைமையா எங்கள் மார்க்கத்துக்கு வந்துவிட்டது? கோழியிலும் அவன் வல்லமை இருக்கிறது, அதைக் கோழி என்று சொல்லிவிட்டுக் காட்டினால் என்ன?

அதையும் விட்டுவிடுவேன். அவர் பிறகு முந்தைய வேதங்களுக்கு வந்தார். அவர்கள் வேதத்தில் ஆறு நாளில் உலகம் படைக்கப்பட்டதாக இருக்கிறது, இது அறிவியலுக்குப் பொருந்துமா என்று கேட்டார். கொஞ்ச நேரம் முன்புதான் நம் வேதத்தின் ஆறு நாள்களை ஆறு யுகங்கள் என்று விளக்கியிருந்தார். நமக்கு ஆறு என்றால் யுகம், அவர்களுக்கு ஆறு என்றால் பிழை! சந்தைக்கடையில் இப்படி இரண்டு படிக்கல் வைத்து நிறுத்தால் தராசைத் தூக்கி எறிந்திருப்பார்கள். இங்கே கைதட்டினார்கள்.

கடைசியில் என் நண்பன் பக்கமே திரும்பிவிட்டார். "இங்கே அமர்ந்திருக்கும் சகோதரரைக் கேட்கிறேன். சூரியனைப் படைப்பதற்கு முன்பே வெளிச்சம் வந்ததாக உங்கள் வேதம் சொல்கிறதே, உங்கள் கைகளால் மாற்றி எழுதிய வேதத்தை இனியும் நம்புகிறீர்களா?"

நாங்கள் போர்த்திய பொன்னாடை அவன் தோளில் இருந்தது. விருந்துக்குக் கூப்பிட்டு, இலை போட்டு, உட்காரவைத்துவிட்டு, சாப்பிடுகிறவன் முகத்துக்கு நேராக அவன் அம்மாவைப் பழிக்கிற காரியம் அல்லவா இது? கேள்வி கேட்டவர் பதிலுக்கு நின்றாரா? இல்லை. கார் தயாராக இருந்தது. ஸலாம் சொல்லிவிட்டு மேடையின் பின்பக்கமாக இறங்கிப் போய்விட்டார்.

அடுத்து என் நண்பனை அழைத்தார்கள். இரவு இஷா தொழுகைக்கு நேரமாகிவிட்டது, சுருக்கமாகப் பேசவும் என்ற வேண்டுகோளோடு. அவன் மைக்கின் முன் நின்றான். ஒரு வாரம் என்னைப் பாடாய்ப் படுத்திய நட்சத்திரங்களில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"பாங்கு சொல்லப்போறாங்க. எல்லாரும் தொழுதுட்டு வாங்க. நேர்ச்சைச் சோறு ஆறிரப்பிடாது," என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தான். கூட்டம் நிம்மதியாகச் சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நன்றியுரை என்னுடையது. பந்தல் போட்டவர், ஒலிபெருக்கிக்காரர் என்று வழக்கமான வரிசையில் சொல்லிவந்தேன். சிறப்புப் பேச்சாளரிடம் வந்தபோது நிறுத்தினேன்.

"அவருக்கு நன்றி. அவசரத்தில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார், அதை நான் சொல்லிவிடுகிறேன். நம் மதரசாவில் சின்னப் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்வது ஈமானின் கடமைகளை. அல்லாஹ்வை நம்புவதும் வானவர்களான மலக்குகளை நம்புவதும் சொன்ன கையோடு வருவது, அவன் இறக்கிய வேதங்களை நம்புவது. வேதத்தை அல்ல, வேதங்களை. மூஸா நபியின் தவ்ராத்தையும் தாவூது நபியின் ஸபூரையும் ஈஸா நபியின் இன்ஜீலையும் நம்பாதவன் முஸ்லிமே அல்ல. அவற்றில் எழுத்து மாறியதா, இல்லை எழுத்து அப்படியே இருக்கப் பொருளைத்தான் திரித்தார்களா என்று நம் அறிஞர்களே காலங்காலமாக வாதாடியிருக்கிறார்கள். வேதக்காரர்கள் சொல்வதை அப்படியே ஏற்கவும் வேண்டாம், பொய் என்று தள்ளவும் வேண்டாம் என்றுதான் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இவர் ஒரு சாயங்காலத்தில் தீர்ப்பே எழுதிவிட்டார்."

ஜமாஅத் தலைவர் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். நான் விடவில்லை.

"நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இதே ஊரில் வேறொருவர், யூசுப் நபி கனவில் கண்ட பதினொரு நட்சத்திரங்கள் சூரியனைச் சுற்றும் பதினொரு கோள்கள்தான், விஞ்ஞானிகள் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள் என்றார். அன்று புத்தகத்தில் ஒன்பது கோள் இருந்தது. பதினொன்று ஆகும் என்று நானும் காத்திருந்தேன். எட்டாகிவிட்டது! அறிவியல் புத்தகம் மாறும், மாறுவதுதான் அதன் வேலை. மாறுகிற புத்தகத்தில் கொண்டுபோய் மாறாத வேதத்தைக் கட்டிவைத்தால் நஷ்டம் யாருக்கு? ஒட்டகத்தைப் பார், வானத்தைப் பார், யோசி என்றுதான் நமக்குக் கட்டளை. பக்கத்து வீட்டுக்காரன் வேதத்தில் பிழை தேடு என்று அல்ல."

அதற்குள் மைக் செத்துப்போனது. மின்சாரம் போகவில்லை, விளக்கெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது.

நண்பனை என் பைக்கில் ஏற்றிக் கடற்கரைச் சாலையில் கொண்டுவிட்டேன். தூக்குவாளியில் நேர்ச்சைச் சோறு அவன் மடியில் இருந்தது. நான் பேசிக்கொண்டே போனேன், அவன் கேட்டுக்கொண்டே வந்தான்.

"ஏலே, பாதையைப் பாத்து ஓட்டு," என்றான் கடைசியில். "எங்க கோயில்லயும் தியானக் கூட்டத்துல பேச ஒருத்தரு வந்தாரு. ஒங்க நபியைப் பத்தி அவரு பேசுன பேச்சுக்கு நான் எழும்பி வெளிய வந்துட்டேன். இந்த மாதிரி ஆளுக எல்லா எடத்துலயும் உண்டு மக்கா."

"அப்போ இன்னைக்கு ஏம்லே எழும்பிப் போகல்ல?"

"ஒங்க மேடையில நான் விருந்தாளி. விருந்தாளி எழும்பிப் போனா வீட்டுக்காரனுக்குல்லா கேவலம்?"

நான் பாதையைப் பார்த்து ஓட்டினேன்.

இந்த வருடம் விழாக் கமிட்டி கூடியது, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு, பள்ளிவாசல் அலுவலகத்தில். தலைவர் முதல் தீர்மானமாக ஒன்றைச் சொன்னார். வெளி விருந்தினர் இனிமேல் வேண்டாம். நம் ஆட்கள் மட்டும் போதும்.

"எதுக்கு காக்கா?" என்று அண்ணன் முறை வைத்தே கேட்டேன்.

"பிரச்சினை வேண்டாம் சாரே. அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்."

"அந்தப் பேச்சாளர்?"

"அவருகிட்ட அப்பவே தேதி வாங்கியாச்சு. நல்லாக் கூட்டம் சேருகுல்லா?"

"வைதவருக்கு மேடை, வசவு வாங்குனவருக்கு வாசல். நல்லாயிருக்கு காக்கா நீங்க சங்கடம் தீக்குகது!"

தலைவர் கெட்டவர் அல்ல. என் நண்பனின் அப்பா இறந்தபோது கடற்கரைக்கு முதலில் போய் நின்றவர். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. நல்ல மனிதர்கள் கூடி உட்கார்ந்து, டீ குடித்து, ஒருத்தருக்கும் வலிக்காத மாதிரி ஒரு வழக்கத்தை வெட்டி எறிந்தார்கள். நான் நன்றியுரையை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அதைக் கொடுக்கவும் அவர்கள் தயாராகத்தான் இருந்தார்கள்.

நண்பனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாள்களைத் தள்ளினேன். சாப்பாட்டு மேசையில் பரீட்சைத் தாள், சம்பள உயர்வு, பேச்சிப்பாறைச் சுற்றுலா என்று எதையெதையோ பேசினேன். விழாவுக்கு முந்தின நாள் காலையில் அவனே போனில் கூப்பிட்டான்.

"ஏலே, நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்? ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல்லியே. போன வருசம் விட்ட நட்சத்திரம் எல்லாம் அப்படியே இருக்கு. வெள்ளச் சட்டையத் தேச்சு வச்சாச்சு."

பள்ளிவாசல் பக்கம் மேடை கட்டுகிற சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சாயந்திரம் அஸர் தொழுகைக்குப் பொறவு வா," என்றேன். "மேடையில ஒனக்கு நாற்காலி கிடையாது. கமிட்டி எடுத்துப்போட்டுது."

கடல் இரைச்சல் மட்டும் போனில் கேட்டது.

"ஆனா நீ வா. எனக்கும் மேடையில வேலை கிடையாது. கீழ முன்வரிசையில, எனக்குப் பக்கத்துல இரி. அந்த ஆளு சொல்லுகத ஒன் முகத்தைப் பாத்துச் சொல்லட்டு. இந்தத் தடவ கார் ஏறுகதுக்கு முன்ன நான் வழியில நிப்பேன்."

"கோழிப் படத்தையும் கொண்டு வருவியாலே?" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான். பிறகு கேட்டான், "செரி, நேர்ச்சைச் சோறாவது உண்டா? தூக்குவாளி எடுக்கவா, வேண்டாமா?"

"எடுத்துட்டு வா," என்றேன். "அதை நிறுத்த அவங்களுக்கு இன்னும் தோணல்ல."