ஆளை மூடிவிட்டு ஊரைப் பார்க்கிறவர்

முதலில் மாப்பிள்ளையை மூடினார். அடுத்தது பெண்ணை. பின்னால் குடை பிடித்து நின்ற தாய்மாமனுக்குக் கொஞ்சம் பெரிய துண்டு தேவைப்பட்டது. மனுசன் நல்ல ஆகிருதி. கண்ணாடி வில்லைகளைச் சுற்றி வரும் மெல்லிய வெள்ளைத் தாளைத் துணுக்குத் துணுக்காகக் கத்தரித்து, ஒரு கல்யாணக் கூட்டத்தையே ஆள் ஆளாக மூடி முடித்த பிறகுதான் அருளாந்து பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தார். படத்தில் மிச்சம் இருந்தது ஒரு கூரை, நாலு தூண், ஒரு தண்ணீர்த் தொட்டி, தூரத்தில் ஒரு கைகாட்டி மரம்.

"இப்பத்தான் படம் தெரியுது," என்றார்.

படத்தைக் கொண்டுவந்த பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. மூடப்பட்டது அவள் தாத்தா பாட்டி கல்யாணம். அருளாந்து அதையெல்லாம் கவனிக்கிற ஆள் இல்லை. "ஆளு அலையும் தங்கச்சி. இன்னிக்கி இங்க, நாளைக்கி எங்க. தூணு அலையுமா? மூஞ்சியப் பாத்தோம்னா நம்ம புத்தி கத கட்ட ஆரம்பிச்சிரும். கூரைய மட்டும் பாரு. கூரை பொய் சொல்லாது."

மலாய் நாட்டுச் சிகாமட் கடைத்தெருவில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கண் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் பையில் ஒரு பழைய படத்தையும் போட்டுக்கொண்டு வருவார்கள். கம்பிச்சடக்கு என்கிற ரயில்பாதை வேலைக்கு வந்த குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. இன்று இந்த ஸ்டேசன், அடுத்த வருஷம் இன்னொரு ஸ்டேசன் என்று மாற்றல் வாங்கிக்கொண்டே இருந்த அப்பன்மார்கள், எந்தப் படம் எங்கே எடுத்தது என்று சொல்லாமலே கண்ணை மூடிவிட்டார்கள். இரட்டைப் பாதை போட வந்தவர்கள் பழைய ஸ்டேசன்களை இடித்துத் தள்ளினார்கள். போய்ப் பார்த்து ஒத்துப்பார்க்கலாம் என்றால் அங்கே நிற்பது செம்பனைத் தோட்டம்தான். ஆக, அருளாந்துதான் கதி.

அவர் பார்க்கிற பொருள்கள் விசித்திரமானவை. கூரை ஓரத்தில் தொங்கும் மரப்பலகை நுனி கூராக வெட்டியிருக்கிறதா, வளைவாகவா. தொட்டிக்கால் இரும்பா, செங்கல்லா. பின்னால் மலை இருந்தால் அவருக்குத் தீபாவளியும் கிறிஸ்துமஸும் ஒன்றாக வந்த மாதிரி. "மலைய எவன் மாத்தி வைப்பான்?" என்பார். படத்தின் பின்னால் ஏற்கனவே ஏதாவது எழுதியிருந்தால் மட்டும் படிக்க மாட்டார். "எழுதுனவன் அன்னிக்கி எத்தன கிளாஸ் போட்டிருந்தானோ, யாரு கண்டா?"

கைப்பேசியிலும் ஒரு கூட்டம் உண்டு. ஈப்போவிலிருந்து, பெர்த்திலிருந்து எல்லாம் படம் போட்டு "இது எந்த ஸ்டேசன்?" என்று கேட்பார்கள். அதில் தம்பின் ஊரில் இருக்கும் பழைய ரயில் கார்டு ரம்லி எந்தப் படத்தைப் பார்த்தாலும் முந்திக்கொண்டு "கிம்மாஸ்" என்று எழுதிவிடுவார். "அந்த மனுசன் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயக் காட்டுனாலும் கிம்மாஸ்னுதான் சொல்லும்," என்பார் அருளாந்து. ரம்லியும் சும்மா இல்லை. "கண்ணாடிக்காரன் கடவுள்ட்ட போயே சொர்க்கத்து வாசல் கூரை சரியில்லம்பான்" என்று பதில் போடுவார். இரண்டு பேருக்கும் ஒருநாள் பேசாவிட்டால் தூக்கம் வராது.

ஊரைக் கண்டுபிடித்துவிட்டால் படத்தைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் பேனாவால் கொட்டை எழுத்தில் பெயரை எழுதுவார். பென்சில் பிடிக்காது. "பென்சில்ல எழுதுறவன் பயந்தாங்கொள்ளி."

மனைவி ரெஜினாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. அவள் ஆட்களை மட்டுமே பார்க்கிற ஜாதி. கணவர் மூடிய தாளை அவர் அந்தப்பக்கம் திரும்பியதும் ஊதித் தள்ளுவாள். "இந்தப் பொண்ணு மாசமா இருக்கு. இந்தாளு மாமியாருக்குப் பயந்தவன், முழியப் பாரேன்." அருளாந்து எரிச்சலோடு தாளை எடுத்துத் திரும்ப மூடுவார்.

இன்னொரு குணமும் சொல்ல வேண்டும். கடையில் யார் எதை நீட்டினாலும் வலது கையால் நீட்ட வேண்டும். அவர் அப்பா வைத்த கடை, அப்பா வைத்த சட்டம். சீனத் தவ்க்கே முதலாளி ஆனாலும் மலாய்ப் போலீஸ்காரர் ஆனாலும், இடது கை வந்தால் அருளாந்துவின் கை மேஜையை விட்டு எழும்பாது. "பீச்சாங்கையில வாங்குனா யாவாரம் படுத்துரும்." சுவரில் மாட்டிய திரு இருதய ஆண்டவரும் இதற்குச் சாட்சி.

இந்தச் சட்டத்தை அடிக்கடி மீறி அடிக்கடி திட்டு வாங்குகிறவர் ஒருவர்தான்: வள்ளிநாயகி அக்கா.

எழுபது தாண்டிய வள்ளிக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து ஓய்வு. முகம் சுத்தச் சீன முகம். நெற்றியில் திருநீறு, கழுத்தில் மஞ்சள் சரடு, வாயைத் திறந்தால் அசல் தமிழ். கைக்குழந்தையாக ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டவர். அந்தக் காலத்தில் பெண் பிறந்தால் கொடுத்துவிடுகிற சீனக் குடும்பங்கள் எத்தனையோ. வாங்கி வளர்த்த தமிழ் வீடுகளும் எத்தனையோ. வளர்த்த அப்பா கம்பிச்சடக்கில் வேலை. கொடுத்த அன்று ஸ்டேசன் மாஸ்டர் தன் கேமராவில் ஒரு படம் எடுத்தார். பெஞ்சில் வளர்ப்புத்தாய், மடியில் குழந்தை. படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு, ஒரு கறுப்புச் சட்டைக் கையும் அதில் பிடித்த பனையோலைத் தொப்பியும். அந்தத் தொப்பியால் குழந்தைக்கு விசிறுகிறது அந்தக் கை. பெற்றவளிடமிருந்து வள்ளிக்காவுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். முகம் இல்லை, பேர் இல்லை, ஊர் இல்லை.

"வளத்த அம்மாகிட்ட கேட்டா அது அழுவும். அழுதா அப்புறம் யாரு கேப்பா? அதுவும் போயிருச்சு," என்பார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் படத்தை அருளாந்துவிடம் கொண்டுவந்தார். அருளாந்து தாயை மூடினார், பிள்ளையை மூடினார், ஓரத்துக் கையையும் மூடினார். இடப்பக்கம் தொட்டி, வலப்பக்கம் மொட்டை மலை. "பாயா ரூசா," என்றார். பேனாவை எடுத்துப் பின்னால் எழுதினார்.

அன்று முதல், சீனர்கள் கல்லறையைக் கூட்டிச் சுத்தம் செய்து ஊதுவத்தி ஏற்றும் செங் பெங் வந்தால் வள்ளிக்கா பாயா ரூசாவுக்குக் கிளம்பிவிடுவார். கல்லறை எது என்று தெரியாததால் உடைந்த பிளாட்பாரத்துப் புல்லைச் செதுக்கி, ஆரஞ்சு வைத்து, ஊதுவத்தியும் கற்பூரமும் ஏற்றுவார். பிறகு வீடு வீடாகப் போய், "அந்த வருசம் தமிழாளுக்குப் பொம்பளப் பிள்ளயக் குடுத்த வீடு தெரியுமா?" என்று கேட்பார். ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கே தேநீர்க் கடை வைத்திருக்கும் மலாய்க்காரி ரோஹானி மட்டும் வருஷா வருஷம் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "அடுத்த தடவ கிடைக்கும்க்கா" என்று ஆறுதல் சொல்லி அனுப்புவாள்.

இந்த வருஷச் செங் பெங்குக்கு முந்தின நாள். வள்ளிக்கா ஒரு பை ஆரஞ்சோடு கடைக்குள் நுழைந்தார். கண்ணாடியின் காது வளைவு தளர்ந்திருந்தது.

"முடுக்கிக் குடு தம்பி. நாளைக்கிப் பாயா ரூசா. அந்த ஊர்ல வயசாளியா ரெண்டே பேருதான் மிச்சம். அவுங்களும் போயிட்டா நான் யாரத்தான் கேக்குறது?"

"வலது கை, வலது கை," என்றார் அருளாந்து. வள்ளிக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு கை மாற்றிக் கொடுத்தார். "என்னா பண்ணச் சொல்ற? பொறவிக் கோளாறு. எங்கம்மா இந்தக் கையத் துணி வச்சுக் கட்டிப்போட்டுதான் சோறு போடும். பள்ளிக்கூடத்துல பிரம்பு ஒடஞ்சதும் இதுலதான். எங்கேருந்துதான் வந்துச்சோ இந்தப் பீடை."

அருளாந்து திருகு முடுக்கக் குனிந்தார். வள்ளிக்கா படத்தை எடுத்து ரெஜினாவிடம் காட்டினார். நூறாவது தடவையாக இருக்கும். ரெஜினாவும் முதல் தடவை மாதிரியே வாங்கிப் பார்த்தாள்.

"ஏங்கா, உங்கம்மா இடப்பக்கமா மூக்கு குத்தியிருந்தாங்க? எங்க வீட்ல எல்லாருக்கும் வலப்பக்கம்தான்."

"எங்கம்மாக்கும் வலப்பக்கம்தான்மா. செத்தன்னிக்கி நாந்தான திருகிக் கழட்டுனேன். சோப்பு போட்டும் வரல. எனக்கு மறக்குமா?"

"படத்துல இடப்பக்கம்ல மின்னுது?"

அருளாந்துவின் கையில் திருகு நின்றது. எழுந்து வந்தார். படத்தை வாங்கினார். அந்தப் படத்தில் அந்த அம்மாவின் முகத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் முறை. மூக்குத்தி இடப்பக்கம். முந்தானையும் வலது தோளில் கிடந்தது. எந்த அம்மா அப்படிக் கட்டுவாள்?

வில்லைகளைச் சோதிக்கும் வெளிச்சப் பெட்டியைப் போட்டார். அதன் மேல் படத்தைக் குப்புற வைத்தார். வெளிச்சம் தாளை ஊடுருவி, உள்ளே இருந்ததெல்லாம் இடம் வலமாக மாறித் தெரிந்தது. வலப்பக்கம் தொட்டி, இடப்பக்கம் மொட்டை மலை. வானத்துக்குக் குறுக்கே அவருடைய கையெழுத்தில் கொட்டை கொட்டையாகப் 'பாயா ரூசா'.

பாயா ரூசா இல்லை. பெலிம்பிங். ஒரே வரைபடத்தில் கட்டிய இரண்டு ஸ்டேசன்கள். தொட்டியும் மலையும்தான் பக்கம் மாறி நிற்கும். எவனோ ஒரு ஸ்டுடியோக்காரன் நெகட்டிவைக் கவிழ்த்துப் போட்டுப் படம் கழுவியிருக்கிறான். ஆளைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆளைத்தான் மூடிவிட்டாரே!

பாயா ரூசாவுக்குப் போகிற பஸ் பெலிம்பிங் வழியாகத்தான் போகும். எட்டு வருஷமாக இந்த மனுஷி பெற்றவள் ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தாண்டிப்போயிருக்கிறார். அதற்குள் அங்கே எத்தனை வயசாளி செத்தார்களோ. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆரஞ்சும் வாங்கியாகிவிட்டது, அங்கே ரோஹானி நாற்காலி துடைத்து வைத்திருப்பாள். ஒரு நிமிஷம் இப்படியும் நினைத்தார், பாவம். ரெஜினா அவர் முகத்தைப் பார்த்தாள். அவள்தான் ஆளைப் பார்க்கிறவள் ஆயிற்றே. சத்தமில்லாமல் ஒரு முக்காலியை இழுத்து வள்ளிக்காவுக்குப் பின்னால் போட்டாள்.

"அக்கா, உக்காருங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அந்தக் கடை கேட்டதில்லை. எல்லாவற்றையும் சொன்னார். கவிழ்ந்த படம், இடம் மாறிய மலை, பெலிம்பிங், எட்டு வருஷம். "என்னய என்னா வேணா திட்டுங்க. அம்புட்டு வருசமும் என்னாலதான் போச்சு."

வள்ளிக்கா திட்டவில்லை. வெளிச்சப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெலிம்பிங்ல... பாலத்துக்குப் பக்கத்துல சீனவுங்க காய்கறித் தோட்டம் போட்டிருப்பாங்க. பச்சப் பசேல்னு இருக்கும். பஸ்ஸுல போறப்ப பாப்பேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"படம் முழுசுமா கவுந்து கெடக்கு?"

"முழுசும்தான்க்கா."

"அப்ப இந்தக் கை?"

அருளாந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். படத்தை நேராகத் திருப்பி, ஓரத்தில் தொப்பி விசிறும் கையைப் பார்த்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு துண்டுத் தாளால் மூடிய கை. கட்டை விரல் எந்தப் பக்கம் என்று பார்த்தார். வெளிச்சத்தில் குப்புறப் போட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"படத்துல வலது கையாத் தெரியுது. அப்ப நெசத்துல..." என்று இழுத்தார். "இடது கைக்கா. உங்கம்மா இடது கையால விசிறுறாங்க."

வள்ளிக்கா தன் இடது கையை மடியிலிருந்து எடுத்தார். ஏதோ அடுத்த வீட்டுக்காரர் கையைப் பார்ப்பது போல் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "அட பாவி மக்கா!" என்று சிரித்தார். கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது. "இதுக்குத்தானா இந்த அடி அடிச்சீங்க? ரெஜினா, கேட்டியா? எங்கம்மாவும் பீச்சாங்கைக்காரி!"

ரெஜினாவும் சேர்ந்து அழுதாள். கண்ணாடி வாங்க உள்ளே வந்த ஒரு மலாய் வாத்தியார் நிலைமையைப் பார்த்துவிட்டு வந்த வழியே நழுவினார்.

அழுகை ஓய்ந்ததும் வள்ளிக்கா எழுந்தார். "காலைல கடைய அடச்சிட்டு வா தம்பி, ஒன் காடியிலயே போவோம், பஸ் வேணாம். பெலிம்பிங்ல மொத வீட்டுக் கதவ நீதான் தட்டணும். திரும்பி வர்றப்ப ரோஹானி வீட்டுலயும் ஒரு எட்டு சொல்லிட்டு வந்துருவோம், பாவம் காத்துக் கெடக்கும்." பையைப் பிரித்தார். "காலைலேருந்து பசியாறினியோ இல்லியோ, மூஞ்சி வெளுத்துப் போச்சு. இந்தா."

ஆரஞ்சு நீண்டது இடது கையில். பாதி வழியில் வள்ளிக்காவுக்கே நினைவு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு பழத்தை மறு கைக்கு மாற்றப் போனார்.

அதற்குள் அருளாந்துவின் கை மேஜையைத் தாண்டி நீண்டிருந்தது. அதுவும் இடது கைதான்.