அரை ஷிப்ட்

அமராவதி சேவூர்க்காரி. வாயில்லாப் பூச்சி. கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்ததிலிருந்து பனியன் கம்பெனியில் என் பக்கத்து மெஷினில் தைக்கிறாள். அவள் புருஷன் பெயர் சென்னிமலை. அவன் வேறொரு கம்பெனியில், துணியை அழுத்திச் சுருட்டும் மெஷினில் நின்றான். ஒரு நாள் அவன் சட்டை ரோலரில் மாட்டி ஆளையே இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

நஷ்டஈடு கேட்டுக் கேஸ் போட்டாள். விசாரணைக்கு நானும் துணைக்குப் போயிருந்தேன். கம்பெனி வக்கீல் தன்மையாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, அடிபட்டப்ப ஷிப்ட் முடிஞ்சிருச்சா?"

"ஆமாங்க, முடிஞ்சிருச்சுங்க."

அவ்வளவுதான், உட்காரச் சொல்லிவிட்டார். சாயங்கால மணி அடித்தால் எங்களுக்கு ஷிப்ட் முடியும். டீயைக் குடித்துவிட்டு வந்து அதே மெஷினில் நின்றால் அது அரை ஷிப்ட். சென்னிமலை அந்த அரை ஷிப்டில்தான் நின்றிருந்தான். அதை யாரும் கேட்கவில்லை, கேட்காததை அவளும் சொல்லவில்லை. கேட்டதற்கு மேல் பேசினால் மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவள். எங்கள் வக்கீல் ஜோதிகாவாவது எழுந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முதலில் தீர்ப்பு அமராவதி பக்கம்தான் வந்தது. கம்பெனி சென்னைக்கு அப்பீல் போனது. போன வாரம் ஹைகோர்ட் அவளுக்குக் கிடைத்த தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. வேலை நேரம் முடிந்த பிறகே சம்பவம் நடந்ததாக மனைவியே ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆகவே இது வேலையின்போது நேர்ந்த சாவு அல்ல என்று ஜோதிகா வாசித்துச் சொன்னாள்.

"அப்ப அவரு அங்க என்னங்க பண்ணீட்டு இருந்தாரு?" என்றாள் அமராவதி.

ஜோதிகா தீர்ப்பை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நானே வாயக் குடுத்துக் கெடுத்துப்போட்டனுங்க" என்று பஸ்ஸில் வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

நேற்றுச் சாயங்காலம் மணி அடித்ததும் சூப்பர்வைசர் பரணி வந்தான்.

"அக்கா, ஷிப்ட் முடிஞ்சுதுங்க. அரை ஷிப்ட் இருப்பீங்களா?"

அமராவதி துணியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஷிப்ட் முடியலீன்னு சொல்லு கண்ணு. சொன்னா இருக்கறேன்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தான். சொல்லடா என்று தலையை ஆட்டினேன்.

"ஷிப்ட் முடியலீங்கக்கா."

"இதைக் கோர்ட்டுல வந்து சொல்ல ஒருத்தருமில்லாமப் போயிட்டாங்களே" என்றாள். அழுதுகொண்டே தைத்தாள்.