இருசப்பன் கடையும் ரோசம்மாள் மாட்டிய சக்கரமும்

இருசப்பனுக்கு ஊர் குருவிநத்தம். ஆனால் வருஷத்தில் பாதி நாள் அவனை அங்கே பார்க்க முடியாது. எங்கே கொடி ஏறுகிறதோ அங்கே இருப்பான். வில்லியனூர் தேரோ மாதா கோயில் திருவிழாவோ, சாமி எதுவானாலும் அவன் பொம்மைக் கடை உண்டு. பக்கத்துக் கடை என்னுடையது, பொரிக் கடை. இருபத்திரண்டு வருஷமாக அவன் கூவலைக் கேட்டுக் கேட்டு என் இடது காது அரைக் காதாகிவிட்டது. வில்லியனூரில் அவன் வாயைத் திறந்தால் பண்டசோழநல்லூரில் மேய்கிற மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும்.

அவன் படிப்பு மூணாவது. என்னுடையது அஞ்சாவது. அதனால் உலக விஷயம் எதுவானாலும் என்னைத்தான் கேட்பான்.

சரக்கெல்லாம் சென்னை பாரிமுனை மொத்தக் கடையில் எடுப்பான். எல்லாம் சைனா பொம்மை. தாளம் தட்டுகிற குரங்கு, குட்டிக்கரணம் போடுகிற நாய், பின்னால் இழுத்து விட்டால் ஓடுகிற கார். கார் நாற்பது ரூபாய். ஒரு தேருக்கு முந்நூறு கார் விற்பான். அந்தப் பத்து நாளும் வில்லியனூரில் நடக்கிற பிள்ளைகளைவிட ஓடுகிற கார்தான் அதிகம் என்று நானே சத்தியம் செய்வேன்.

அப்புறம் வெளிநாட்டுப் பொம்மைக்கு வரியை ஏற்றினார்கள். நூறு ரூபாய்ச் சரக்குக்கு இருபது ரூபாயாக இருந்தது அறுபதாகி, எழுபதும் ஆனது. இருசப்பன் மூன்று மூட்டை எடுக்கப் போய் அரை மூட்டையோடு திரும்பினான். நாற்பது ரூபாய்க் கார் தொண்ணூறு ஆகிவிட்டது. பிள்ளை கையில் எடுக்கும், அம்மா விலை கேட்பாள், பிள்ளை கையிலிருந்து பிடுங்கி வைப்பாள், பிள்ளை தேர்ச்சக்கரம் நகருகிற சத்தத்தையும் மீறி அழும்.

"வரி யாரு மேல போட்டாங்க, சைனாக்காரன் மேலயா, என் மேலயா?" என்று என்னைக் கேட்டான்.

"போட்டது அவன் சரக்கு மேல. கட்டுறது நீ. அழுவுறது புள்ள" என்றேன். அஞ்சாம் வகுப்பு வரை படித்தது அன்றைக்குத்தான் உதவியது.

போன வருஷத் தேருக்கு அவன் விற்றது முப்பத்தொரு கார். இந்த வருஷம் கடையே வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தான். அது லேசான பேச்சு இல்லை. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கொடி ஏறுகிற அன்றைக்குக் காலையில் அவரவர் இடத்தில் கயிறு கட்டிவிட வேண்டும். ஒரு வருஷம் கட்டாமல் விட்டால் அந்த இடம் கட்டினவனுக்கு, அடுத்த வருஷம் வந்து கெஞ்சினாலும் கிடைக்காது. இருசப்பன் இடம் தேர் திரும்புகிற முனை. செல்போன் உறை விற்கிற தமிழ்க்குமரனுக்கு அந்த இடத்தின் மேல் எப்போதும் ஒரு கண். இந்த வருஷம் இரண்டு கண்ணும். இடம் போனால் இருசப்பனுக்கு வியாபாரமே போன மாதிரி.

இதில் வேடிக்கை என்னவென்றால், இருசப்பன் பெண்சாதி ரோசம்மாளுக்கு அதே வரிதான் வேலை கொடுத்தது. முன்பு அவள் களை எடுக்கவும் கரும்பு வெட்டவும் போய்க்கொண்டிருந்தாள். வெளிநாட்டுப் பொம்மை விலை ஏறியதும், இங்கே செய்தால் விற்கும் என்று வில்லியனூர் பக்கம் ஒருத்தர் பொம்மைக் கம்பெனி போட்டார். அறுபது பெண்களுக்கு வேலை. ரோசம்மாள் காருக்குச் சக்கரம் மாட்டினாள். மாதம் பிறந்தால் சம்பளம், வெயில் இல்லை, சேறு இல்லை. ஒரே வீட்டில் புருஷன் காலையில் எழுந்ததும் வரியைத் திட்டுவான், பெண்சாதி அதே வரி கொடுத்த வேலைக்கு பஸ் ஏறுவாள்.

"உன் சோத்துல பாதி அந்த வரி போட்ட சோறுதான்டா" என்று ஒருநாள் சொன்னேன். நாலு மணி நேரம் என்னோடு பேசவில்லை. அவன் வாய் அவ்வளவு நேரம் மூடியிருந்தது அதுவே முதல் தடவை.

கொடியேற்றத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ரோசம்மாள் தன் கம்பெனிக் கார் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். கம்பெனி வாசலிலேயே வாங்கினால் ஐம்பத்தைந்து ரூபாய், அதைக் கடையில் போடு என்றாள். இருசப்பன் மூக்கைச் சுளித்தான். ஆனாலும் கை சும்மா இருக்குமா, வாசலில் இழுத்து விட்டான். இரண்டு அடி ஓடி நின்றுவிட்டது. சக்கரத்து அச்சில் மணல் புகுந்திருந்தது.

மறுநாள் ரோசம்மாள் அதைக் கம்பெனியில் சொல்ல, சூப்பர்வைசர் பொண்ணு ஜெயசுதா சாயங்காலமே ஸ்கூட்டரில் வந்துவிட்டது. எங்க கிட்ட நல்லாத்தானே ஓடுச்சு என்றது. இருசப்பன் பெண்ணையாற்று மணல் ஒரு கை அள்ளி வாசலில் தூவினான்.

"நீங்க டைல்ஸ் மேல ஓட்டிப் பாத்திருப்பீங்க. திருவிழாவுல டைல்ஸ் எங்கம்மா கீது? புள்ள மொதல்ல மண்ணுல உடும். அப்புறம் வாயில வெக்கும். அப்புறம் அது மேலயே குந்தும். இந்த மூணையும் தாங்குனாத்தான் ஆத்தாக்காரி பர்ச தொறப்பா."

ஜெயசுதா சிரிக்கவில்லை. கைபேசியில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டது. "இத இத்தன நாளா யாருமே சொல்லலண்ணா" என்றது.

ஆறு நாளில் சக்கரம் பெரிதாகி, அச்சுக்கு ஒரு மூடியும் வந்தது. இருசப்பன் மணலில் ஓட்டினான், வாயில் வைத்தான், கடைசியில் தன் எண்பது கிலோவோடு அதன் மேல் குந்தவும் போனான். ரோசம்மாள் கையைப் பிடித்துத் தடுத்தாள். கையிலிருந்த காசுக்கு இருநூறு கார் வாங்கினான். கொடி ஏறுகிற அன்று, கோழி கூவுவதற்கு முன்னால் வந்து முனையில் கயிறு கட்டினான். தமிழ்க்குமரன் வந்தபோது அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

கயிறு கட்டினால் போதுமா, விற்க வேண்டுமே. சாயங்காலம் கூட்டம் வந்ததும் இருசப்பன் வாயைத் திறந்தான். "சைனா காரு, சைனா காரு" என்று கூவினான். அவன் மேல் தப்பில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவனுக்குப் பொம்மை என்றாலே சைனாதான். ஒரு அம்மா காரை எடுத்தாள், சைனாவா, நாளைக்கே நின்னுடும் என்று வைத்துவிட்டாள். இன்னொருத்தர் எழுபது ரூபாய்க்குச் சைனாவா என்று போய்விட்டார். இவன் இன்னும் சத்தமாகக் கூவினான். நான் பொரியை வாயில் போட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். சொல்லியிருக்கலாம். ஆனால் சோற்றுத் தூக்கோடு ரோசம்மாள் அவன் பின்னால் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டேன்.

"எந்தச் சைனாவுலய்யா நான் குந்திச் சக்கரம் மாட்டுனேன்?" என்றாள்.

கட்டைவிரலை நீட்டினாள். அச்சை அழுத்தி அழுத்தி அது கல்லாகியிருந்தது. இலவசமாகச் சண்டை என்றால் வில்லியனூரில் தேரை விட்டுவிட்டும் வருவார்கள். கூட்டம் சேர்ந்தது. காரை வைத்துவிட்டுப் போன அம்மாவும் திரும்பி வந்தாள்.

"நீயா பண்ண?" என்று கேட்டாள்.

"சக்கரம் என்னுது. மேல் கூடு மணிபாரதி போட்டது, மங்கலத்துப் பொண்ணு. ஓடலன்னா எங்கிட்ட வா, வூடு குருவிநத்தம்."

அந்த அம்மாவின் பிள்ளை அதற்குள் காரை ரோட்டு மணலில் விட்டிருந்தது. கார் என் பொரி மூட்டையில் வந்து முட்டியது. அப்புறம் இருசப்பன் சைனா பேச்சை எடுக்கவில்லை. "ரோசம்மா காரு" என்று கூவினான். எட்டாம் நாளே இருநூறும் தீர்ந்து, ரோசம்மாள் இன்னும் ஐம்பது கொண்டுவர வேண்டியதாயிற்று. அடுத்த வருஷமும் முனை அவனுக்குத்தான் என்பது தமிழ்க்குமரனுக்கே தெரிந்துவிட்டது.

ஆனால் எல்லோரும் வாங்கினார்கள் என்று சொன்னால், அது நான் வழக்கமாகச் சொல்வதைவிடப் பெரிய பொய். மூன்று பிள்ளைகளோடு ஒருவர் வந்தார். நாற்பதுக்குக் கார் இருக்கா என்று கேட்டார். இல்லை. பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயின. இருசப்பன் ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பார்த்திருந்தான். நாப்பது ரூவாப் புள்ளைங்க இன்னா பண்ணும் என்று என்னைக் கேட்டான். என் படிப்பு அங்கே தீர்ந்துபோனது.

"சின்னதா ஒண்ணு பண்ணலாம்" என்றாள் ரோசம்மாள். "உள்ள ஸ்பிரிங்கு வேணாம், கயிறு கட்டி இழுக்குற மாதிரி. நீயே வந்து ஜெயசுதா கிட்ட சொல்லு."

நாளைக்கே வரியை எடுத்துவிட்டால் உன் வேலை என்னாகும் என்று நான் கேட்டேன்.

"அதுக்குள்ள நல்லாப் பண்ணக் கத்துக்கணும். மண்ணுல ஓடுற வண்டி சைனாக்காரனுக்கும் வராது" என்றாள். "வரியவே நம்பிக் குந்திருந்தா முடியுமா?"

தேர் முடிந்த திங்கட்கிழமை இருசப்பன் துவைத்த சட்டை போட்டு, ரோசம்மாளோடு அதே பஸ்ஸில் ஏறினான். கம்பெனி வாசலில் காவலாளி அவனை நிறுத்தி, யார் என்று கேட்டானாம்.

"சக்கரம் மாட்டுற ரோசம்மா வூட்டுக்காரன். நாப்பது ரூவா காரு விஷயமாப் பேசணும்" என்றானாம், கம்பெனி முழுக்கக் கேட்கிற குரலில்.

உள்ளே விட்டார்கள்.